சாவு வீட்டில் பாடும் தம்பி

கேள்வி:

மேடம், நாங்கள் வியாசர்பாடி. எனக்கு 26 வயது, துணிக்கடையில் பில் போடுகிறேன். அம்மா மாநகராட்சியில் துப்புரவு வேலை, கான்ட்ராக்ட்தான். அப்பா குடித்துக் குடித்தே ஆறு வருஷம் முன்னால் போய்விட்டார். தம்பிக்கு 17, பிளஸ் டூ படிக்கிறான். ஒரு வருஷமாக கானா, கானா என்று அலைகிறான். சாவு வீடு, கருமாதி என்று போய்ப் பாடிவிட்டு விடிகாலை மூன்று மணிக்கு வருகிறான். பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் போவதில்லை. போன மாதம் 1,500 ரூபாய் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தான். “சாவுக் காசு எனக்கு வேணாம்” என்று அம்மா தூக்கிப் போட்டுவிட்டார். கேஸ் உள்ள ஒரு ஏரியா அண்ணன் தன் பிறந்தநாளுக்குப் பாட்டுப் போட்டால் புதுப் போன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் மூன்று பாட்டுக்குப் பத்தாயிரம் தருகிறேன், பேப்பரில் கையெழுத்துப் போடு என்கிறார். நடுவில் ஒரு தொண்டு நிறுவனம் இலவச ராப் கிளாஸுக்குக் கூப்பிடுகிறது. பாட்டால் வாழ்க்கையே மாறியது என்று டிவியில் பேட்டி எல்லாம் வருகிறது. என் தம்பிக்கு மாறுமா? இல்லை, இப்போதே நிறுத்திவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இதைப் படிக்கிற நேரம் வீட்டில் சண்டை நடந்துகொண்டிருக்கலாம். அதற்காக, பாட்டு அவனைக் கரையேற்றிவிடும் என்று நான் எழுதித் தரப் போவதும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக வடசென்னைப் பிள்ளைகளோடுதான் என் வேலை. பாட்டால் தேறியவர்களைப் பார்த்திருக்கிறேன், பாட்டாலேயே கெட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு தரப்பும் பாடியது ஒரே மெட்டுதான். பக்கத்தில் நின்ற ஆட்கள்தான் வேறு வேறு. உங்கள் கடிதத்தில் தம்பியின் பாட்டைவிட அவனைச் சுற்றி நிற்கிற மூன்று பேர்தான் என் கண்ணில் பட்டார்கள்: போன் வாங்கித் தரும் அண்ணன், பேப்பர் நீட்டும் ஸ்டுடியோக்காரர், ராப் கிளாஸ்காரர்கள். அவர்களைப் பற்றி அப்புறம் பேசுகிறேன். முதலில் தம்பி.

அப்பா இறக்கும்போது அவனுக்கு 11 வயது. அப்பாவின் கருமாதிக்கு கானா வைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன், உங்கள் பக்கத்தில் வைக்காத வீடு குறைவு. அன்று ராத்திரி அவன் எங்கே உட்கார்ந்திருந்தான், ஞாபகம் இருக்கிறதா? ஸ்பீக்கருக்குப் பக்கத்திலா, தூங்கிவிட்டானா, பாடுகிறவர் அப்பா பேரைச் சொன்னபோது என்ன செய்தான்? அதை அவனிடமே ஒருநாள் சும்மா கேட்டுப் பாருங்கள். திட்டாமல், வேறு ஏதாவது வேலை செய்துகொண்டே கேட்க வேண்டும். பூண்டு உரிக்கும்போது கேட்டால் பிள்ளைகள் பதில் சொல்வார்கள், எதிரே உட்கார வைத்துக் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

மரண கானா பாட வருகிறவர் வந்ததும் மைக்கைப் பிடிப்பதில்லை. வீட்டு ஆள் யாரையாவது ஓரமாகக் கூப்பிடுவார். போனவர் பேர் என்ன, என்ன வேலை பார்த்தார், எத்தனை பிள்ளை, பேரப் பிள்ளைகள் பேர் என்ன, எந்த டீக்கடையில் உட்காருவார், யாரோடு சண்டை, யாரோடு சிநேகிதம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். பத்து நிமிஷத்தில் அதெல்லாம் தெரிந்த மெட்டு ஒன்றுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் அவர் பாடும்போது ‘கப்பல்ல மூட்டை தூக்குன மனுஷன்’ என்று ஒரு வரி வரும், அதுவரை கல் மாதிரி உட்கார்ந்திருந்த மனைவி அந்த வரியில்தான் உடைவார். உங்கள் தம்பி ஒரு வருஷமாகச் செய்கிற வேலை இதுதான். 17 வயதுப் பையன், அழுதுகொண்டிருக்கிற வீட்டுக்குள் போய், முன்பின் தெரியாத அம்மாவிடம் “உங்க வீட்டுக்காரர் என்னா வேல பாத்தாரும்மா?” என்று கேட்கிறான்.

எங்களிடம் இரண்டு வருஷம் சமூகப் பணி படித்துவிட்டுப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு இது வராது. சாவு வீட்டு வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று முழிப்பார்கள். இதை நான் கேலிக்குச் சொல்லவில்லை, அவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. உங்கள் தம்பிக்கு அது ஏற்கெனவே கை வந்துவிட்டது. அவன் எதிர்காலத்தில் பாடகனாக ஆகிறானோ இல்லையோ, ஆஸ்பத்திரியில் வார்டு பாயாகப் போனாலும், கடையில் நின்றாலும், வக்கீலுக்குப் படித்தாலும் இது அவனோடு வரும்.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம். ஒரு பையன், 16 வயது. எங்கள் மையத்தில் மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு விரலாலும் ஒரு ஸ்பூனாலும் அடிப்பான், ஹாலில் இருக்கிற எல்லோருக்கும் கால் தானாக ஆடும். கானா குரூப் ஒன்றில் டேப் என்கிற மேளம் அடித்துக்கொண்டிருந்தான். ராத்திரி கச்சேரி, பகலில் தூக்கம், உங்கள் தம்பி கதையேதான். நான் அவனுக்கு ஐடிஐயில் இடம் வாங்கிக் கொடுத்து, “குரூப்பை விட்டால்தான் சேர்த்துவிடுவேன்” என்று கண்டிப்பாகச் சொன்னேன். விட்டான். ஐடிஐக்கு நாலு மாதம் போனான். அங்கே அவன் யாரும் இல்லை, கடைசி பெஞ்சில் ஒரு ரோல் நம்பர். திரும்பி வந்தபோது குரூப்பில் அவன் இடத்தில் வேறு பையன் உட்கார்ந்திருந்தான். அந்த இடைவெளியில் அவனைப் பிடித்துக்கொண்ட ஆட்கள் யார் என்று நான் சொல்லவே வேண்டாம். ரொம்ப வருஷம் கழித்து பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு லோடு வண்டியிலிருந்து கூப்பிட்டான். “நீங்க சொன்னீங்கன்னுதான் மேடம் டேப்ப விட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அதனால்தான் நிறுத்த வேண்டாம் என்கிறேன். இருக்கிற ஒரு பிடிமானத்தைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றைக் கொடுக்கிறேன் என்பது, ஏணியை எடுத்துவிட்டு மாடிக்கு வழி சொல்வது மாதிரி.

சரி, வாழ்க்கை மாறுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மாறியவர்கள் உண்டு. துறைமுகத்திலும் மில்லிலும் ரிக்‌ஷாவிலும் உழைத்த மக்கள் பாடிய பாட்டை 90களில் தேவா சினிமாவுக்குள் கொண்டுபோய் ஊரெல்லாம் கேட்க வைத்தார். கானா பாலா தெருவில் பாடிக்கொண்டிருந்தவர், 2012இல் சினிமாவில் பாடித் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவரானார். அவர் சட்டம் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது, தம்பியிடம் அதைச் சொல்லிவையுங்கள், பின்னால் உதவும். ஆண்களின் கோட்டையாக இருந்த கானா மேடையில் ஏறிய இசைவாணியின் பேர் 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் கச்சேரி நடந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கட்டிய குழு. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். நூறு வருஷத்துக்கு முன்னால் அயோத்திதாசப் பண்டிதர் பேசிய சாதியில்லாத் தமிழர் என்ற எண்ணத்திலிருந்து எடுத்த பேர் அது. சாவு வீட்டோடு நின்ற பாட்டு சாதியைப் பற்றியும் இடஒதுக்கீட்டைப் பற்றியும் மேடை போட்டுப் பேசியது. பிறகு 2020 டிசம்பரிலிருந்து ‘மார்கழியில் மக்களிசை’ வேறு. சபாக்களில் கச்சேரி நடக்கிற அதே மாதத்தில் கானாவுக்கும் பறைக்கும் தனி மேடை.

இவ்வளவும் உண்மை. ஆனால் விரல் விட்டு எண்ணுகிற ஆட்கள் என்பதால்தான் இந்தப் பேர்களெல்லாம் நமக்குத் தெரிகின்றன. உங்கள் தெருவிலேயே நன்றாகப் பாடுகிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் பகலில் என்ன வேலை செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டோ, பெயின்டிங், கேட்டரிங். டிவி பேட்டியில் அவர்கள் வருவதில்லை. அவர்களில் சில பேரை நான் பல வருஷமாகப் பார்க்கிறேன். பாட்டு அவர்களுக்குப் பணம் கொடுக்கவில்லை. ஆனால் தெருவில் ஒரு மரியாதை கொடுத்தது. ‘இவன் நம்ம பாட்டுக்காரன்’ என்று ஒரு சாவு வீட்டில் தண்ணீர் சொம்பு நீட்டி உட்கார வைத்த இடத்தில், அடுத்த நாள் கத்தியோடு போய் நிற்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. நான் பார்த்த மாற்றம் பெரும்பாலும் இந்த அளவுதான். இது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இது நம்மூரில் மட்டும் நடப்பதில்லை. பிரேசிலில் ரியோ நகரத்தில் விகாரியோ ஜெரால் என்று ஒரு குடிசைப் பகுதி. 1993 ஆகஸ்டில் போலீஸ்காரர்கள் அதற்குள் புகுந்து 21 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே வருஷம் இசைப் பத்திரிகையாகத் தொடங்கியிருந்த ஆஃப்ரோரெக்கே என்ற குழுவினர், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அங்கே போய்ப் பிள்ளைகளுக்குத் தாளமும் நடனமும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். போதை வியாபாரக் கும்பல் ஒரு பையனுக்கு என்ன கொடுக்கிறது? காசு, பேர், கூடவே நிற்க நாலு பேர், நடையில் ஒரு கெத்து. தாளக் குழுவும் காசைத் தவிர மற்றதையெல்லாம் கொடுத்தது. நல்ல புத்தி சொல்லி யாரும் யாரையும் திருத்தவில்லை, கெத்துக்கு வேறு கடை திறந்தார்கள், அவ்வளவுதான்.

வெனிசுவேலாவில் ஹோஸே அந்தோனியோ அப்ரேயு 1975இல் தொடங்கிய இசைக்குழுத் திட்டத்தைப் பற்றிப் பிற்பாடு ஏறக்குறைய 2,900 பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். அவர்கள் வாசித்தது மேற்கத்திய செவ்வியல் இசை, நம் கதைக்குக் கொஞ்சம் தள்ளித்தான். இருந்தாலும் முடிவு பயன்படும். இசையில் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் பழக்கம் கூடியிருந்தது. அடிதடியைப் பார்த்து வளர்ந்த பையன்களிடம் முரட்டுத்தனம் குறைந்தது. மூளைத் திறன் ஒட்டுமொத்தமாகக் கூடியதாகத் தெரியவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: ஏழைப் பிள்ளைகளுக்கான திட்டம் என்று பேர், சேர்ந்தவர்களில் ஏழைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. இந்தக் கடைசி விஷயத்தை நம்மூர் இலவச வகுப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இப்போது அந்த அண்ணன். இதை மட்டும் நிறுத்துங்கள், ஈவிரக்கம் வேண்டாம். சாவு கானாவும் பிறந்தநாள் கானாவும் மெட்டில் ஒன்றாக இருக்கலாம், செய்கிற வேலை வேறு. சாவு கானாவில் செத்தவரைப் பாடுகிறான், அவருக்கு இனி யாரும் எதிரி கிடையாது. உயிரோடு இருக்கிற ரவுடியைப் புகழ்ந்து பாடினால் அவருடைய எதிரிக்கும் தம்பியின் முகம் தெரிந்துவிடும். வீடியோ யூடியூபில் அப்படியே கிடக்கும். அந்த அண்ணன் நாளைக்கு ஒரு கேஸில் உள்ளே போனால், பாட்டில் பேர் சொன்னவன், பின்னால் ஆடியவன் என்று ஒவ்வொருவராக விசாரணைக்குப் போக வேண்டிவரும். போன் பரிசு கிடையாது, அட்வான்ஸ்.

எப்படி மறுப்பது என்பதுதான் கஷ்டம், தெரியும். அந்தத் தெருவிலேயே நீங்கள் வாழ வேண்டும். அவனைத் தனியாக மறுக்க விடாதீர்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்வது ஒரு தடவைதான் செல்லும். குரூப்பில் மூத்தவர் ஒருவர் இருப்பார், வாத்தியார் என்பார்களோ மாஸ்டர் என்பார்களோ, அவர் வாயால் வர வேண்டும்: “நம்ம குரூப்பு சாவுக்கும் கருமாதிக்கும் மட்டுந்தாண்ணே, பர்த்டே எடுக்கறதில்ல.” இந்தப் பதில் வேலை செய்ததை நான் பார்த்திருக்கிறேன். ‘சாவுக்குத்தான் வருவோம்’ என்று சொல்கிறவனைப் பிறந்தநாளுக்குக் கட்டாயப்படுத்த எவ்வளவு பெரிய அண்ணனுக்கும் லேசாக உதறும்.

அதற்கு நீங்கள் அந்த வாத்தியாரை நேரில் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததே இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அம்மாவோ நீங்களோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். “என் தம்பி, அப்பா இல்லாத பையன், உங்களை நம்பித்தான் விடுகிறோம்” என்று ஒரு வார்த்தை போதும். போன இடத்தில் சிலதைக் கவனியுங்கள். வந்த பணத்தைப் பையன்கள் முன்னால் எண்ணிப் பிரிக்கிறாரா? கச்சேரி முடிந்ததும் பசங்களை வீட்டில் விடுகிறாரா, பாட்டிலோடு உட்கார வைக்கிறாரா? வலி மாத்திரையைப் போதைக்குப் போடுகிற பழக்கம் இப்போது உங்கள் பக்கம் எவ்வளவு என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். தம்பி கையை மறைக்க முழுக்கைச் சட்டையிலேயே திரிகிறான், பகலெல்லாம் சொக்குகிறான், காசு கணக்கு உதைக்கிறது என்றால் பாட்டைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

அடுத்து அந்தப் பேப்பர். தம்பிக்கு 18 ஆகவில்லை, அவன் போடுகிற ஒப்பந்தக் கையெழுத்து சட்டப்படி செல்லாது. இது ஸ்டுடியோக்காரருக்கும் தெரிந்திருக்கும், அதனால் அடுத்த கட்டமாக அம்மாவைக் காப்பாளர் என்று கையெழுத்துக் கேட்பார். அம்மா அன்றே போட்டுவிடக் கூடாது. பேப்பரை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். வீட்டுக்குக் கொடுக்க மாட்டேன், இங்கேயே படி என்றால் அதுவே பதில்.

ஒரு பாட்டில் மூன்று விஷயம் தனித்தனியாக இருக்கிறது: வரி, மெட்டு, குரல். கானாவில் மெட்டு பெரும்பாலும் பழசு, சில நேரம் சினிமா மெட்டு. வரி அவனுடையது, குரல் அவனுடையது. பேப்பரில் ‘எல்லா உரிமைகளும்’, ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்ற மூன்று சொல்லைத் தேடிப் பாருங்கள். பத்தாயிரத்துக்கு அவர் கேட்பது இந்த மூன்றையும்தான். பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில்தான் கொடுக்க முடியும், எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாமல் விட்டிருந்தால் ஐந்து வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், எந்த ஊர் வரை என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 2012இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பதிவான பாட்டை எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் வருகிற ராயல்டிப் பங்கை வேறு ஆளுக்கு எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று ஆனது. வாரிசுக்குப் போகலாம், ராயல்டி வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்குப் போகலாம், அவ்வளவுதான். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. தம்பி எழுதிய மூன்று பாட்டு எங்கேயாவது ஓடினால் அது உதவும்.

சட்டம் இப்படி இருக்கிறது, நடப்பு வேறு. கோடிக்கணக்கான பேர் பார்த்த பாட்டுக்கே கைக்குக் காசு வரவில்லை என்று பேர் பெற்ற இசையமைப்பாளர் பொதுவில் சொன்ன காலம் இது. அதனால் தம்பியிடம் ஒரே ஒரு பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். பாட்டு நோட்டு. எல்லா வரியும் அதில் ஏற வேண்டும், தேதியோடு. எழுதியதும் பக்கத்தைப் போட்டோ எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பட்டும். நாளைக்கு வரி யாருடையது என்று பேச்சு வந்தால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். சினிமா மெட்டில் வரியை மாற்றிப் பாடி யூடியூபில் ஏற்றினால் பாட்டுக் கம்பெனி உரிமை கேட்டுவிடும், காசு அங்கே போய்விடும், அதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

நோட்டால் இன்னொரு லாபமும் உண்டு. எங்கள் மையத்தில் ஒரு பையன், ஒன்பதாவதோடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். தமிழ்ப் புத்தகத்தை நீட்டினால் தலைவலி வந்துவிடும். பாட்டு எழுத ஆரம்பித்த மூன்றாவது வாரம் என்னிடம் வந்து, “மேடம், ‘வாழ்ந்தான்’ல எந்த ‘ழ’ போடணும், ‘வீழ்ந்தான்’லயும் அதேவா?” என்று கேட்டான். அதே என்றேன். “அப்ப ரைமிங் கண்ணுக்கும் செட் ஆவுது” என்று போய்விட்டான்.

பேப்பரைப் படித்துச் சொல்ல வக்கீல் வேண்டுமென்றால் 15100. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே உதவி உண்டு.

பள்ளிக்கூடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்களே நூறு தடவை சொல்லியிருப்பீர்கள். முழுசாக விடு என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. பரீட்சை முடியும்வரை சனிக்கிழமை ராத்திரி மட்டும், மற்ற நாளில் பத்து மணிக்குள் வீடு என்று பேசி முடியுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஸ்பீக்கர் வைக்கக் கூடாது என்பது ஏற்கெனவே சட்டம், அதையே காரணமாகக் காட்டலாம். வகுப்பாசிரியரிடம் போய், பையன் பாடுவான் என்று சொல்லிவையுங்கள். அரசுப் பள்ளிகளில் 2022லிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. கருமாதி மேடையில் நிற்கிறவனுக்குப் பள்ளி மேடையில் கால் நடுங்கும், அது நல்லதுதான். ஒருநாளாவது அந்தக் கட்டடத்துக்குள் அவன் பேர் மைக்கில் கேட்டால், மறுநாள் எழுப்புவது கொஞ்சம் சுலபமாகலாம். அப்புறம் தொண்டை. மேளத்துக்கு மேல் கத்திப் பாடி மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பாகவே இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ராப் கிளாஸுக்கு ஒரு தடவை அவனோடு நீங்களும் போய் உட்காருங்கள். ராப்பும் கானாவுக்குப் பங்காளிதான். அதுவும் எழுபதுகளில் நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஏழைப் பிள்ளைகள் தெருவில் ஸ்பீக்கர் கட்டி வளர்த்தது. ஆகவே வகுப்பில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லிக்கொடுப்பவர் கானாவை மதிக்கிறாரா, இல்லை ‘இந்த லோக்கல் பாஷையை விடு’ என்கிறாரா என்று பாருங்கள். மூன்று மாதம் முடிந்ததும் என்ன ஆகும் என்று கேளுங்கள், நிதி வருகிறவரை கிளாஸ், நின்றால் பையன்கள் மறுபடி தெருவில் என்பது நான் நிறைய பார்த்த கதை. ஆண்டு விழாவில் நன்கொடையாளர் முன்னால் மேடையில் ஏற்றி, “இவனுடைய அப்பா குடித்துச் செத்தார், இவனை நாங்கள் மீட்டோம்” என்று அறிமுகம் செய்கிற இடமாக இருந்தால் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்துவிடுங்கள். அப்பா கதை அவனுடையது. எப்போது, யாரிடம், எந்த மெட்டில் சொல்வது என்று அவன்தான் முடிவு பண்ண வேண்டும்.

கடைசியாக அம்மா. ‘சாவுக் காசு’ என்று அவர் தூக்கிப் போட்டதைப் பிடிவாதம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையில் ஐந்து மணிக்கு ஊர்க் குப்பையைத் தொடுகிறவர், தண்ணீர் கேட்டால் தள்ளி நின்று ஊற்றுகிற வீடுகளைப் பார்த்திருப்பார். சாவுக்கு மேளம் அடிப்பதும் பாடுவதும் இன்னார் வேலை என்று தலைமுறை தலைமுறையாகச் சிலர் தலையில் கட்டிய ஊர் இது. பறையைக் கீழே போடு என்று போராடியவர்களும் இருந்தார்கள், அதையே விடுதலையின் வாத்தியம் என்று தூக்கிப் பிடித்தவர்களும் இருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே தெருவில்தான் இருந்தார்கள், இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. உங்கள் வீட்டில் அம்மா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். நீங்கள் நடுவராக உட்கார வேண்டாம். அம்மாவை ஒரு தடவை அவன் பாடுகிற இடத்துக்குக் கூட்டிப் போங்கள். பின்னால், நாற்காலி வரிசைக்கும் பின்னால் நின்றால் போதும். அவன் பாடுவதைக் கேட்பதைவிட, அதற்கு முன்னால் அந்த வீட்டு ஆட்களிடம் அவன் குனிந்து பேர் கேட்கிறதைப் பார்க்கட்டும்.

அந்த 1,500 ரூபாய் இப்போது எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தரையிலிருந்து யார் எடுத்தீர்கள்? செலவாகாமல் இருந்தால், பக்கத்துத் தபால் ஆபீஸில் அவன் பேரில் ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து அதில் போடுங்கள். பத்து வயதுக்கு மேல் இருந்தால் பிள்ளைகளே கணக்கை நடத்தலாம், 500 ரூபாய் இருந்தால் போதும். ஆதாரும் இரண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு அவனே வரிசையில் நிற்கட்டும். படிவத்தில் தொழில் என்று எழுதுகிற இடம் வந்தால் உங்களைத் திரும்பிப் பார்ப்பான். இப்போதைக்கு ‘மாணவர்’ என்று எழுதச் சொல்லுங்கள்.